பெயர் சொல்லி ஜெபித்த ஞாயிறு

அஞ்சுகிராமம்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் பெமிலாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே இருவருக்கும் உடம்புக்குக் குறைவில்லை, உனக்கும் அப்படியே இருக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். கம்பெனி தந்த போனில் அந்த விஷயத்தைப் பேச வேண்டாமென்று நீ சொன்னதால், நாளை விமானம் ஏறும் உன் சித்தி மகள் ஷைஜாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். இரண்டு நாளாக நல்ல மழை, அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் கூடுதல்.

மக்ளே, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிறு ஆராதனையில் ஜெப விண்ணப்பம் கேட்ட நேரம் அம்மா மைக்கை வாங்கி, "ஆண்டவரே, எம்பிள்ள பெமிலா, கம்பெனி மறைச்சத சர்க்கார்கிட்ட சொல்லிட்டா, அவங்க கையில அவள விட்டுராதேயும்" என்று அழுது ஜெபித்துவிட்டாள். கஷ்டம் வந்தால் சபையோடு சேர்ந்து கேட்பதுதான் அவள் பழக்கம், ஆராதனை யூடியூபில் நேரலையாகப் போவது அவளுக்கு நினைவில்லை. வெளியே வந்ததும் பிரபினின் அம்மா, "ஏட்டி ஞானபாய், எங்க பிரபினும் அந்தக் கம்பெனியிலதான கெடக்கான், ஒம்மவ அப்படி என்னத்த கண்டா" என்று கேட்டபோதுதான் அவளுக்கு உறைத்தது. சாயங்காலத்துக்குள் வீடியோவை எடுக்க வைத்தேன். ஆனால் பிரபின் ஞாயிறு தவறாமல் அங்கிருந்து பார்க்கிறவன். கெட்ட பையனில்லை, அவனுக்கும் வேலை வேண்டுமே.

பெஞ்சில் யாரோ பிளேடு வைத்திருப்பதாக ஒரு பிள்ளை என்னிடம் சொன்னால், நான் வகுப்பில் எல்லாப் பெஞ்சையும் சோதிப்பேன், சொன்னது யாரென்று ஒருவருக்கும் தெரியாது. நீ இருக்கிற நாட்டுச் சட்டமும் உன் பெயரை அப்படித்தான் மூடி வைத்திருந்தது. இப்போது மூடி திறந்துவிட்டது. ஆனால் புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்று அதே சட்டத்தில் இருப்பதாக நீ சொன்னாயே, அது இன்னும் இருக்கிறது. பெயர் வெளியானதை உன் வக்கீல் வழியாக, நீ புகார் கொடுத்த ஆணையத்துக்கு இப்போதே தெரிவித்துவிடு. இனி உன்னை வேலையிலிருந்து நீக்கினாலும் ஒதுக்கி உட்கார வைத்தாலும், எதற்காகச் செய்தார்கள் என்று கம்பெனிதான் பதில் சொல்லட்டும். விசாவும் அவர்கள் கையில் இருப்பது எனக்குத் தெரியும், அதையும் வக்கீலிடம் கேள்.

அம்மா ஞாயிறிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. "புகாரத் திரும்ப வாங்கச் சொல்லுங்க, பிள்ள போதும் நமக்கு" என்கிறாள். அவள் எழுதச் சொன்னதை எழுதிவிட்டேன். நான் சொல்வது, திரும்ப வாங்காதே. உங்கள் கம்பெனி செய்த, நோய்க்கு யோசனை சொல்லும் அந்த இயந்திரம், சோதனையில் நெஞ்சு வலிக்கிறது என்று கேட்டவர்களை வீட்டில் படுத்திருக்கச் சொன்னதையும், அந்தச் சோதனைகளை மட்டும் நீக்கிக் கம்பெனி சர்க்காருக்கு அறிக்கை கொடுத்ததையும் பார்த்தவள் நீ. நாளை வலியோடு அதனிடம் கேட்கப்போகிறவர்களுக்கு நம்மைத் தெரியாது, அவர்களுக்காக நீதான் சொல்ல வேண்டும்.

இதைப் படித்ததும் எங்களைக் கூப்பிடாதே, முதலில் வக்கீலைக் கூப்பிடு. நேரத்துக்குச் சாப்பிடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார். இந்தக் கடிதத்தை அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். திரும்ப வாங்காதே என்ற இடத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். அந்த வரியை அடித்துவிடச் சொல்லவில்லை.

உன் அப்பா,
நேசையன்