வாய் திறக்காத ஜெயில்

லங்காஷயர், 1854

அன்புள்ள அக்கா,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். மெழுகுவர்த்திச் செலவைக் குறைத்து மிச்சம் பிடித்து, ஜெயிலில் என் வீட்டுக்காரர் ஈனோக்கைப் பார்த்துவிட்டு வந்தேன்.

அப்பா காலத்து ஜெயிலில் ஒரே கூச்சலும் கும்பலுமாக இருக்கும். இந்தப் புது ஜெயிலில் ஆளுக்கொரு அறை. யாரோடும் பேசக் கூடாது. ஆராதனைக்குக்கூட ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாதபடி முகமூடி போட்டுத்தான் கூட்டிப் போகிறார்கள். வேலைநிறுத்தத்தில் கல்லெறிந்ததற்காக அவர் உள்ளே போய் இது எட்டாவது மாதம்.

அவர் கம்பிக்கு அப்பால் வந்து நின்றார். வாயைத் திறந்தார். குரல் வரவில்லை.

"பதினேழாம் நம்பர் பேசாதும்மா. நல்லாப் பழக்கிட்டோம்ல!" என்று காவலர் சிரித்தார். புத்தியே பேதலித்துவிட்டதோ என்று பயந்துபோனேன்.

பிறகுதான் அவர் உதட்டைக் கவனித்தேன். தறிக்கூடத்து இரைச்சலில் நாமெல்லாம் சத்தமில்லாமல் உதட்டாலேயே பேசிக்கொள்வோமே, அதே பேச்சு!

"என்ன குழந்தைடி?"

"பொண்ணு. உங்க மூக்குதான்," என்று நானும் உதட்டாலேயே சொன்னேன்.

"ஐயோ பாவம் புள்ள," என்றவர் அழுதுகொண்டே சிரித்தார்.

காவலருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நம் காதைச் செவிடாக்கிய அந்த இரைச்சலுக்காக, வீட்டுக்கு வந்ததும் முழங்காலில் நின்று கர்த்தருக்கு நன்றி சொன்னேன், அக்கா.

உன் தங்கை