பீப்பா கேட்ட கப்பித்தான்

இன்று இத்தாலியர் நிறைந்த பிரன்ஸ்விக் பகுதியில், ஒரு காப்பிக் கடையின் கண்ணாடியில் சுவரொட்டி. கறுப்புச் சட்டை, வாள், பின்னால் தீப்பற்றிய கப்பல். நீயும் நானும் பார்த்த அதே இத்தாலியக் கடற்கொள்ளையர் படம். மறுபடி போடுகிறார்கள். தெருவில் நின்று தனியே சிரித்தேன்.

படம் பார்த்த அன்று நான் சிரிக்கும் நிலையில் இல்லை. மறுநாள் வகுப்பில் கட்டுரை வாசித்து, கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். வருடம் முழுவதும் வாய் திறக்காதவன். இம்முறையும் பேசாவிட்டால் சித்தி இல்லை, பெயில்தான் என்று விரிவுரையாளர் சொல்லிவிட்டார். ஆங்கிலம் தெரியும். பிழை விட்டுவிடுவேனோ என்ற பயம் அதைவிட நன்றாகத் தெரியும்.

என்னோடு ஒரே அறையில் இருந்த நீ, தாள்களைப் பறித்து மேசை லாச்சிக்குள் போட்டாய்.

"வாடா, படத்துக்குப் போவம்."

"இத்தாலிப் படம். உனக்கு என்னடா விளங்கும்?"

"ஒண்டும் விளங்காது. அதுதான் போறம்."

ஞாயிறு பகல். கொட்டகை நிறைய இத்தாலியக் குடும்பங்கள். திரையின் கீழே ஆங்கில எழுத்து ஓடவில்லை. கப்பல் தலைவனான கப்பித்தான் சமையற்காரனைச் சமையலறைக்கு விரட்டும்போது "குச்சினா" என்றான். நீ துள்ளினாய்.

"மச்சான், குசினி எண்டுறான்! எங்கட ஆள்!"

போர்த்துக்கீசர் நமக்கு விட்டுப்போன சொற்களை வைத்துக்கொண்டு, இத்தாலியனுக்கு மொழிபெயர்ப்பாளன் ஆகிவிட்டாய். சண்டைக்கு முன் கப்பித்தான் "பீப்பா!" என்று கத்தினான்.

"சாராயப் பீப்பா கேக்கிறான். இப்ப உருட்டிக்கொண்டு வருவாங்கள், பார்."

ஒருவன் ஓடிவந்து எதையோ நீட்டினான். புகை பிடிக்கும் சுங்கான்.

நீ சிரித்த சிரிப்பில் முன்வரிசையே திரும்பியது. ஒருவர் அதட்டினார். நீ எழுந்து, இல்லாத பீப்பாவைக் கைகளால் உருட்டிக் காட்டினாய். அவரும் சிரித்துவிட்டார்.

வெளியே வந்ததும் கேட்டேன்: "வெக்கமா இல்லையே உனக்கு?"

"என்னத்துக்கு? பிழையாச் சொன்னாலும் அந்தாளுக்கு என்னை விளங்கிட்டுது."

மறுநாள் வகுப்பில் பேசினேன். ஒரு சொல்லைத் தப்பாக உச்சரித்தேன். யாரோ சிரித்தார்கள். நிறுத்தவில்லை. சித்தி.

பிறகு உன் காய்ச்சல். பத்து நாள். மருத்துவமனை. ஊரிலிருந்து உன் வீட்டாரால் வர முடியவில்லை. உன் சவப்பெட்டியருகில் நின்று பேச, இந்த நகரத்தில் நான் ஒருவன்தான். எழுதி வைத்துக்கொள்ளவில்லை. ஆங்கிலத்தில், சத்தமாகப் பேசினேன். இறந்தகாலத்தில் சொல்ல வேண்டியதையெல்லாம் நிகழ்காலத்தில் சொன்னேன். அவன் சிரிக்கிறான். அவன் குளிக்கும்போது பாடுகிறான். வந்திருந்தவர்கள் இலக்கணப் பிழை என்று நினைத்திருப்பார்கள்.

திருத்தவில்லை. உன்னைப் பற்றி மற்றவர்களிடம் இன்னும் அப்படித்தான் பேசுகிறேன்.