அம்மாவின் கையெழுத்து

ஒக். 7, செவ்வாய்

விடியவே மழை. கொட்டாஞ்சேனை முழுக்கச் சேறு. உடுப்பு ஒன்றும் காயவில்லை. எட்டு மணிக்குப் பொலிஸ் சார்ஜன்ட் வந்தார், கையில் சிங்களத்தில் ஒரு தாள். தம்பி ஜூட்டை மறுபடியும் போதைப் பழக்கத்துக்கான புனர்வாழ்வு முகாமுக்கு அனுப்ப வீட்டாரின் சம்மதம் வேண்டுமாம். சனிக்கிழமை வந்து கையெழுத்து வாங்குவாராம்.

போன வருடமும் இதே தாள்தான். "பெஹெத், அம்மே, பெஹெத்" என்றார்கள். மருந்து என்றதும் ஆஸ்பத்திரியில் சேர்க்கிற தாள் என்று நினைத்து அம்மா கையெழுத்து வைத்துவிட்டார். ஆறு மாதம் கழித்து ஜூட் ஒரு பல் இல்லாமல் வந்தான். அங்கே டொக்டர் கிடையாது, பரேட்டும் அடியும்தான். அன்றிலிருந்து அம்மா அவன் முகத்தை நேரே பார்ப்பதில்லை. எனக்குக் கோபம் இன்னும் அடங்கவில்லை.

ஒக். 9, வியாழன்

கொள்ளுப்பிட்டி ஒபிசில் அரை நாள் லீவு. ஜூட்டோடு பொரளை கிளினிக். போன கிழமை ஒரு தரம் குடு, அந்த ஹெரோயின் தூள், அடித்ததை அவனே டொக்டரிடம் சொன்னான். அவர் ஏசவில்லை. மருந்தை மாற்றி எழுதி, அடுத்த திகதி போட்டார். இவ்வளவுதான் விஷயம். இதற்கு எதற்கு முகாம்?

வாங்க: மெழுகுதிரி, பிஸ்கட், பிளேன்டீக்குச் சீனி. செபமாலை மாதம், மாதா சுரூபம் வீடு வீடாக வருகிறது, சனி பின்னேரம் எங்கள் முறை. செபக் குழுத் தலைவர் பாசில் அங்கிள் சந்தியில் மறித்தார்.

"பிள்ளை, இந்த முறை உங்கட வீட்ட விட்டுட்டு அடுத்த வீட்டுக்குக் கொண்டு போவம். பொலிஸ் வாற வீடு..."

"மாதாட மகனையும்தான் பிடிச்சுக்கொண்டு போனவங்க, அங்கிள். அவட வீட்டுக்கும் போயிருக்க மாட்டீங்களா?"

அவர் முகம் கறுத்துப் போனது. போகட்டும்.

ஒக். 11, சனி

மாதா வந்தார். பாசில் அங்கிளும் வந்தார். வாசல் வரை சனம். செபமாலை பாதியில் சார்ஜன்ட். அவரும் எங்களைப் போல வேதக்காரர்தான், தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். அம்மா நிறுத்தவில்லை. மன்றாட்டு மாலை முடியும் வரை நிற்கவிட்டார்.

பிறகு தாள். "மெத்தன, அம்மே." விரலால் இடம் காட்டினார்.

அம்மா ஜூட்டை நேரே பார்த்தார்.

"இதத் தமிழில கொண்டு வாங்கோ. வாசிப்பன். வாசிச்சிட்டும் கையெழுத்து வைக்க மாட்டன்."

என்ன சொல்கிறார் என்று சார்ஜன்ட் என்னிடம் கேட்டார். ஒன்றும் விடாமல் சிங்களத்தில் சொன்னேன். கடைசி வரியை இரண்டு தரம்.