குழாயில் கட்டிய உப்பு

அக். 2, 1984, செவ்வாய்

காலையிலிருந்து புழுக்கம். மழை வரும் போல. காந்தி ஜெயந்தி, ஊருக்கெல்லாம் லீவு, எனக்கு மட்டும் இல்லை. கடைசி ஜாயின்ட் முடிந்தது.

பம்பாய்க் கடலுக்கு அடியில் கேஸ் கொண்டுபோகப் போடப்போகிற எவர்சில்வர் குழாய் உத்திரமேரூரில், நெல் மிஷினுக்குப் பக்கத்து ஷெட்டில் தயாராகிறது என்றால் எவன் நம்புவான்? வேலையை எடுத்தவர் மாமா, அக்கா வீட்டுக்காரர். இதுவரை பால் கேன் செய்துகொண்டிருந்தவர். வெல்டிங் முழுக்க நான். ஒவ்வொரு ஜாயின்ட் பக்கத்திலும் என் வெல்டர் நம்பர், 14. ஜாயின்ட் விட்டுக்கொண்டால் என்னைத்தான் தேடுவார்கள்.

ஜாயின்ட் ஓரமெல்லாம் நீலம் பாய்ந்திருக்கிறது. ஆசிட் பேஸ்ட் தடவிக் கழுவினால்தான் அந்தச் சூட்டுக் கறை போய், எவர்சில்வர் துருப்பிடிக்காத மேல்தோலைத் திரும்பக் கட்டிக்கொள்ளும். பேஸ்ட் மெட்ராஸிலிருந்து இன்னும் வரவில்லை. "பூஜ முடிஞ்சி வந்துடும்டா" என்கிறார் மாமா. போன வாரமும் இதேதான்.

நாளைக்கு மாமியார் வீட்டுக்குக் கிளம்புமுன் ஷெட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டியது: தார்ப்பாய் போட்டு மூட. குழாய் வாய்க்கு மூடி. இரும்பு பிரஷ் கிட்டவே வரக்கூடாது (இரும்புத் தூள் ஒட்டினால் எவர்சில்வரும் துருப்பிடிக்கும், நூறாவது தடவை). வாங்க வேண்டியது: என் பாப்பாவுக்கு ரிப்பன்.

அக். 3, புதன்

புள்ளலூர், மாமியார் வீடு. ஆயுத பூஜை. சுண்டல், வடை, தூக்கம். சாயந்திரம் நல்ல மழை. தார்ப்பாய் போட்டிருப்பார்களா?

மாமியார்: "கடலுக்குள்ள போறதுன்றீங்க, மழைக்கு பயந்துக்கினு கீறீங்களே மாப்ளே!" எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று வந்தது. பதில் சொல்வதற்குள் இன்னொரு வடை வைத்துவிட்டார்.

அக். 5, வெள்ளி

எழுதினால்தான் கோபம் அடங்கும்.

பஸ்ஸை விட்டு இறங்கி நேரே ஷெட். பூஜைக்காகக் குழாய்களை வெளியே எடுத்து வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். தார்ப்பாய் பக்கத்து நெல் மூட்டை மேல். சந்தனம், குங்குமம், சரி, கழுவிவிடலாம். ஆனால் ஒவ்வொரு ஜாயின்டிலும் ஒரு துணி முடிச்சு. கல் உப்பு, மிளகாய், படிகாரம். திருஷ்டிக்காம். கட்டியது எதால்? இரும்புக் கட்டுக்கம்பியால்! குழாய் வாயிலும் ஒவ்வொன்று தொங்குகிறது. மழையில் உப்பு கரைந்து ஜாயின்ட் மேல் வழிந்து, உள்ளேயும் ஓடியிருக்கிறது. கம்பி பட்ட இடமெல்லாம் துரு. துடைத்துப் பார்த்தால் உப்பு அரித்து ஊசி குத்தினாற்போலப் புள்ளிகள். உள்ளே டார்ச் அடித்தேன். அங்கேயும்.

கத்தினேன். அக்கா ஓடி வந்தாள்.

"நான்தான்டா கட்னேன். ராப்பகலா செஞ்ச ஜாமான். ஊரே வந்து பாத்துட்டு போவுது, உனுக்கு கண்ணு பட்டுடப் போவுதுன்னு..."

"வூட்ல உப்ப எவர்சில்வர் டப்பாலயா போட்டு வெக்கிற?"

"இல்ல. ஜாடில."

"ஏன்?"

முந்தானையால் ஒரு ஜாயின்டைத் துடைத்துக்கொண்டே நின்றாள்.

அவள்மேல் கத்தியிருக்கக் கூடாது. அவளுக்கு என்ன தெரியும்? மாமாவுக்குத் தெரியும். கூடவே நின்று கம்பியை முறுக்கிக் கொடுத்திருக்கிறார். அதுதான் வயிற்றெரிச்சல்.

அக். 6, சனி

காலை முழுக்க கரண்ட் இல்லை. பேஸ்ட் இன்றைக்கு வந்து சேர்ந்தது, மகராசன்!

புள்ளி விழுந்ததையெல்லாம் அறுத்துவிட்டு மறுபடி வெல்டிங் போட வேண்டும் என்று மாமாவிடம் சொன்னேன்.

"இன்னாடா பேஜார் பண்ற? திங்கக்கெயம கொயாய பாக்க கம்பெனி இன்ஸ்பெக்டர் வராரு. தேச்சி சில்வர் பெயின்ட் அட்ச்சா பளபளன்னு கீது. கடலுக்கு அடியில எவன் எட்டிப் பாக்கப் போறான்?"

"உப்பு உள்ள போய்க்கீது மாமா. விரிசல் உடும்."

"கூடவே அலுமினியக் கட்டி கட்றாங்களே. அது கரைஞ்சி கொயாய காப்பாத்தும்னு நீதானடா சொன்ன?"

சொன்னேன். குழாயின் வெளிப்பக்கத்தைத்தான் காப்பாற்றும், உள்பக்கத்துக்கு அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்றும் சொன்னேன். அதை மட்டும் மறந்துவிட்டார். சௌகரியமான காது.

நான் சாப்பிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இரும்பு பிரஷ் போட்டுத் தேய்த்திருக்கிறார். இரும்புத் துருவை எடுக்க இரும்பு! மேலே பெயின்ட். பெயின்டுக்கு மேல் என் நம்பரை அவரே எழுதியிருக்கிறார். 14, 14, 14. என் கையெழுத்தைவிட அழகு.

அக். 7, ஞாயிறு

ஏரிக்கரையில் நடந்தேன். பாதி ஏரி நிரம்பிவிட்டது. கோபம் குறையவில்லை. மாமா ஊரில் இல்லை, மதியம் அக்கா வீட்டில் சாப்பாடு.

"அந்த கொயாய்கிட்ட ஆளுங்க போவாங்களாடா?"

"போவாங்க. முதுகுல காத்து சிலிண்டர் கட்டிக்கினு எறங்கி நட்டு முடுக்குவாங்க."

"அப்போ விரிசல் உட்டா?"

"இன்னா ஆவும்னு நான் வேற சொல்லணுமா?"

"புள்ளகுட்டிக்காரங்களா?"

"நம்மள மாதிரிதான்."

மோர் ஊற்ற மறந்துவிட்டாள். நானும் கேட்கவில்லை.

நாளைக்கு இன்ஸ்பெக்டரிடம் நேராகச் சொல்லப்போகிறேன். சொல்ல வேண்டியது தயார்: "சார், இந்த ஜாயின்ட்ல ஒண்ணுகூடத் தேறாது." எனக்குப் பெண் பார்த்துக் கட்டிவைத்தவர் மாமாதான். அதற்காக? அவர் முகம் எப்படிப் போனாலும் போகட்டும்.

அக். 8, திங்கள்

வெயில். இன்ஸ்பெக்டர் செங்கல்பட்டு பஸ்ஸில் வந்தார். ஒல்லி, கையில் குடை. சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அதுக்குள்ள ஏன் பெயின்ட் அடிச்சீங்க?"

"மழைங்க சார்" என்றார் மாமா.

என் பக்கம் திரும்பினார். "வெல்டர் நீங்கதானே? ஏதாவது சொல்லணுமா?"

மாமா என்னையே பார்த்தார்.

"ஒண்ணும் இல்ல சார்" என்றேன். நான்தான். ஒரு வாரமாக இந்த நோட்டில் குதித்தவன்.

டீ கொண்டுவந்த அக்கா தட்டைக் கீழே வைக்கவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னாள்: "சார், அதுல நான் உப்பு கட்டி வெச்சிட்டேன் சார். மழையில கரைஞ்சி உள்ள போய்டுச்சி. அது தெரியாம இருக்கத்தான் பெயின்ட் அட்ச்சிக்கீது. சொரண்டிப் பாருங்க."

"உள்ள போடி" என்றார் மாமா. போகவில்லை.

இன்ஸ்பெக்டர் பேனாக்கத்தியால் சுரண்டினார். உள்ளே டார்ச் அடித்தார். ஜாயின்டுக்கெல்லாம் சாக்பீஸில் பெருக்கல் குறி.

மாமா சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டார். கிரைண்டர் போட்டு நானேதான் அறுத்தேன், என் நம்பரைப் பார்த்துப் பார்த்து. குழாயின் அந்தப் பக்கத்தை அக்கா பிடித்துக்கொண்டாள். தீப்பொறி அடிக்கும், தள்ளி நில் என்றேன். நகரவில்லை. கடைசி ஜாயின்ட் வரைக்கும் பிடித்தாள். என் முகத்தை மட்டும் பார்க்கவேயில்லை.