பாடியவர் பெயர்

மெலிண்டாவின் அம்மாவுக்கு,

ஈப்போ வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த பாட்டுகளைப் போன வாரம் புது மியூசிக் ஆப்புக்கு மாற்றினேன். தெளிவில்லாத பதிவுகளை எடுத்துவிட்டு, அதே பாட்டுகளின் நல்ல பதிவுகளை அதுவே அந்த இடத்தில் வைத்துவிட்டது. பழைய கம்ப்யூட்டரை இரும்புச் சாமான் வாங்குபவரிடம் கொடுத்துவிட்டேன். பிறகுதான் கேட்டுப் பார்த்தேன்.

நம் பிள்ளை பத்து வயதில் பாடியதைப் பதிவு செய்தேனே. “அப்பா, பாடுனவங்க பேருல அந்தப் பெரிய பாடகி பேர போடுங்க லா” என்றாள். சிரித்துக்கொண்டே போட்டேன். ஆப் அதை நம்பிவிட்டது. இப்போது அந்தப் பாடகிதான் பாடுகிறார், வயலின் எல்லாம் சேர்த்து. நடுவில் இருமல் இல்லை. கடைசியில் “போதுமாப்பா?” இல்லை.

எத்தனை முறை கேட்டது என்ற எண் மட்டும் மாறவில்லை: 412. அத்தனையும் நீ கேட்டது. அவள் நம்மை விட்டுப் போன அந்த நவம்பருக்குப் பிறகு, நீ அதைப் போட்டாலே “நிப்பாட்டு” என்று கத்திவிட்டு வெளியே போனவன் நான்.

ஆயர் தாவாருக்கு நீ கொண்டுபோன சின்ன பிளேயரில் அவள் இன்னும் இருப்பாள். அதை எந்தக் கம்ப்யூட்டரிலும் மாட்டாதே.

சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். பிளேயரை என்னிடம் தர வேண்டாம், உன் கையிலேயே இருக்கட்டும். நீ போடு. இந்த முறை எழுந்து போகமாட்டேன்.

அவள் அப்பா