சாரத்தோடு கதைத்த சம்பந்தம்

அன்பு மகள் சுதர்ஷிகாவுக்கு,

மடு மாதாவின் கிருபையால் இங்கே கிளென் ஈடனில் நாங்கள் சுகம். உன் சுகத்தை அம்மாவின் போனை எட்டிப் பார்த்துத்தான் அறிகிறேன், ஏனென்றால் ஒன்பது நாளாக என் போனை நீ எடுக்கவில்லை. எழுதினால் கத்த முடியாதுதானே, எழுதுங்கள் என்று அம்மா பேப்பரையும் பேனையையும் கையில் தந்துவிட்டா. எழுதி முடிந்ததும் படம் எடுத்து உனக்கு அனுப்புவாவாம்.

நடந்ததை என் பக்கத்திலிருந்தும் ஒருக்கால் கேள். அந்த ஞாயிற்றுக்கிழமையும் உன்னை அங்கே சீனாவில், ஷென்ஜெனில், வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள், நீ இல்லாமலே சம்பந்தி பகுதியோடு வீடியோவில் கதைக்கவேண்டி வந்தது. நான் மேலே சேர்ட் போட்டு ரை கட்டி, மேசைக்குக் கீழே இடுப்பில் கட்டின வீட்டுச் சாரத்தோடு இருந்தேன். மாப்பிள்ளை ஜுன்ஹாவின் அப்பா சீன மொழியில் கதைக்க, போன் அதை இங்கிலீசில் சொன்னது. சுகம் விசாரித்த கையோடு, கலியாணம் என்றால் வீடு இருக்கவேண்டும், வீடில்லாமல் ஊரில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது என்றார். மாப்பிள்ளையின் தகப்பன் வீடு என்று வாயெடுத்தால் அது எந்த வீடு என்று எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்தவேண்டுமா? என் அக்காவுக்கு மூன்று சம்பந்தம் குழம்பினது அந்தச் சீதன வீட்டால்தான். சீதனம் வாங்கமாட்டேன் என்று பிடிவாதமாக நின்று உன் அம்மாவைக் கட்டினவன் நான். எழும்பி நின்று, வீட்டுக் கதை என்றால் கலியாணக் கதையே வேண்டாம் என்று சொல்லிப் போனை வெட்டினேன். எழும்பினதில் சாரமும் தெரிந்துவிட்டதாம், அம்மாவுக்கு இன்றைக்கும் அதுதான் பெரிய கவலை.

அடுத்த நாள் பக்கத்து வீட்டுச் சீன மனுசி மிஸிஸ் லூ வேலிக்கு மேலால் ஒரு பை பீஜோவா பழம் நீட்டினா. காசையே கண்ணால் காணாமல் போனைக் காட்டி மரக்கறி வாங்குகிற நாட்டில் இன்னும் சீதனமா என்று அவவிடம் எரிந்து விழுந்தேன். அவ சிரித்த சிரிப்பில் பழம் முழுக்க என் பக்கம் கொட்டுண்டது. அங்கே வீடு கொடுக்கவேண்டியது மாப்பிள்ளை பகுதியாம் மகள்! பெண் பகுதிக்குக் காசும் வைக்கவேண்டுமாம். வீடில்லாத பெடியனைப் பல தாய்மார் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்களாம். ஒரு பிள்ளை போதும் என்று அரசாங்கம் கட்டாயப்படுத்தின காலத்தில் பெடியன்கள் கூடி, பெட்டைகள் குறைந்துபோனதால்தான் இந்தக் கெடுபிடி என்றா. தான் இரண்டாவது பெற்றதற்குத் தண்டம் கட்டினவவாம். இப்போது அதே அரசாங்கம், மூன்று பெறுங்கள், காசும் தருகிறோம் என்கிறதாம், எனக்கு அறுபத்திமூன்று வயதான பிறகா கேட்கிறார்கள் என்று திட்டினா. உன் அம்மா இதையெல்லாம் கேட்டு, நாங்கள் பிழையான நாட்டில் பிறந்துவிட்டோம் என்று பெருமூச்சு விட்டா.

சிரிப்பு அவ்வளவும்தான். அவர்களோடு நீங்களே ஒருக்கால் கதையுங்கள் என்று மிஸிஸ் லூவிடம் நம்பரைக் கொடுத்தேன். ஒரு மணித்தியாலம் கதைத்தா. போனை வைத்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. ஜுன்ஹாவின் அப்பா எட்டு வருசத்துக்கு முன்னம் மகனுக்கென்று முப்பத்தோராம் மாடியில் ஒரு பிளாற் வாங்கினவராம், கட்டி முடிக்க முன்னமே கடன் எடுத்து முழுக்காசும் கட்டி. கட்டின கொம்பனி பாதியில் படுத்துவிட்டது. சுவரும் இல்லை, லிப்டும் இல்லை, வங்கிக் கடன் மட்டும் இருக்கிறது. ஒவ்வொரு புதுவருசத்துக்கும் அந்த மனுசன் கீழே நின்று மாடிகளை எண்ணி, முப்பத்தொன்றில் நிறுத்தி, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வருவாராம். அன்றைக்கு அவர் என்னிடம் வீடு கேட்கவில்லை மகள். தருவதற்கு வீடில்லை என்று மன்னிப்புக் கேட்கத் தொடங்கினவர். நான்தான் முடிக்கவிடவில்லை.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்லுகிறேன், உனக்குச் சொல்லவேண்டாம் என்று அவர்கள் மிஸிஸ் லூவிடம் கேட்டார்களாம். வீடில்லை என்றுதான் நான் வேண்டாமென்றதாக நினைத்து, தாங்கள் குடியிருக்கிற வீட்டை விற்கப்போகிறார்கள். விலையும் விழுந்து கிடக்கிற நேரம். உங்கள் இரண்டு பேருக்கும் சின்னதாக ஒன்று வாங்கித் தந்துவிட்டு, தாங்கள் வாடகைக்குப் போவார்களாம். சனிக்கிழமை வீடு பார்க்க ஆட்கள் வருகிறார்கள். மிஸிஸ் லூ தலைகீழாக நின்று சொல்லிப் பார்த்தா, பெண்ணின் தகப்பன் தன் வாயால் சொன்னால்தான் நம்புவோம் என்கிறார்கள்.

நானும் அம்மாவும் இங்கே மாசி என்கிற ஊரில் ஒரு கராஜில் குடித்தனம் தொடங்கினவர்கள். பக்கத்து வீட்டுக்காரன் வேலைக்குப் போகத் தன் கராஜ் றிமோற்றை அமத்தினால் எங்கள் கதவும் சேர்ந்து திறக்கும், கட்டிலோடு தெருவுக்குக் காட்சி கொடுப்போம். உன்னைப் பெற்று முதல் கொண்டுவந்து கிடத்தினதும் அங்கேதான். அப்படிப்பட்ட நான் இன்னொரு தகப்பனை வீட்டை விட்டு எழுப்பிவிட்டேன் என்று நினைக்க வெட்கமாக இருக்கிறது. மன்னித்துக்கொள் பிள்ளை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நீ அவர்கள் வீட்டுக்குப் போய், அவருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு என்னைக் கூப்பிடு. வீடு வேண்டாம் என்பதைச் சீன மொழியிலேயே சொல்ல மிஸிஸ் லூவிடம் பழகுகிறேன். நான் சொல்லுகிற விதத்தைக் கேட்டு அவ இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறா, என்றாலும் சொல்லுவேன். நேரத்துக்குச் சாப்பிடு, ஞாயிறு பூசையை விடாதே. ஜுன்ஹாவின் அப்பாவிடம் இதையும் சொல்லிவை: வாற புதுவருசத்துக்கு நானும் வந்து அவருக்குப் பக்கத்தில் நிற்பேன், இரண்டு பேருமாக முப்பத்தொன்று வரைக்கும் எண்ணுவோம்.

மாதா உங்கள் இரண்டு பேரையும் காப்பாற்றட்டும். வெள்ளிக்கிழமையை மறக்காதே, காற்சட்டை போட்டுக்கொண்டு காத்திருப்பேன்.

போனை வெட்டின உன் அப்பா,
பெனடிக்ற்