அத்தையின் இடது கால்

ஆகஸ்ட் 4, திங்கள்

இன்று சொல்லாதது: "நடிக்காதீங்க அத்தை." மூன்று முறை வாய் வரை வந்தது. மூன்று முறையும் விழுங்கினேன்.

காற்றே இல்லை. கடலோரக் குருசுக்குப்பம் பக்கமிருந்து கருவாட்டு வாடை மட்டும். துணி காயவில்லை.

காரைக்கால் உத்தரவு வந்தது ஜூலை 26. நூலகத்தில் அரசு வேலை. 18-ஆம் தேதிக்குள் அசல் சான்றிதழ்களோடு போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் போச்சு. அத்தைக்குக் கால்வலி வந்தது ஜூலை 28. நடுவில் ஒரே ஒரு ஞாயிறு.

இடது பிட்டத்தில் தொடங்கிக் குதிகால் வரை கரண்ட் அடிக்கிற மாதிரி இழுக்கிறதாம். ஆனால் ஆஸ்பத்திரிக்கு மட்டும் வர மாட்டாளாம்.

செந்தில்: "இந்த நேரத்துல அம்மாவ உட்டுட்டு எப்டி போவ? லெட்டர் போட்டு டைம் கேளேன்." என் கணவன். நாலு வருஷம் நான் பரீட்சைக்குப் படித்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவன்.

நேரில் "அவங்க". இந்த நோட்டில் "அவள்". இங்கேயாவது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நஸ்ரீனுக்குப் போன். கல்லூரியில் பக்கத்து பெஞ்சு, இன்று பிசியோதெரபிஸ்ட். வீட்டிலேயே பார்க்கக்கூடியவை என்று சொன்னாள்:

– மல்லாக்கப் படுக்க வைத்து, முட்டி மடங்காமல் காலைத் தூக்கு. பாதி தூக்குவதற்குள் முட்டிக்குக் கீழே வரை இழுத்தால் நரம்பு.
– கால் கட்டைவிரலை மேலே தூக்கச் சொல். நீ அழுத்து.
– குதிகாலில் நடக்கச் சொல்.
– தொடையிடுக்கு மரத்துப்போனாலோ, ஒண்ணுக்கு அடக்க முடியாமல் போனாலோ அன்றே ஆஸ்பத்திரி.

முதலாவதைச் செய்தேன். ஒரு சாண் தூக்குவதற்குள் ஊரைக் கூட்டினாள். எதிர்வீட்டு அக்கா ஜன்னலுக்கு வந்துவிட்டார். நான் நம்பவில்லை.

நஸ்ரீனிடம் இன்னொரு வழி இருந்தது. "கட்டில் ஓரமா உக்கார வைடி. பித்தவெடிப்பு பாக்கறேன்னு சொல்லிட்டு காலை நேரா நீட்டு. அப்பவும் அதே நரம்புதான் இழுபடும். நடிக்கிறவங்களுக்கு அது தெரியாது, சும்மா உக்காந்திருப்பாங்க."

நாளை. நாளைக்காக இவ்வளவு ஆசையாகக் காத்திருந்து நாளாகிறது.

ஆகஸ்ட் 6, புதன்

செய்தேன். களிம்பு டப்பாவோடு போய், காலைப் பிடித்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே நீட்டினேன்.

கத்தவில்லை. சட்டென்று பின்னால் சாய்ந்து இரண்டு கையையும் மெத்தையில் ஊன்றிக்கொண்டாள். மேலுதட்டில் வேர்வை.

வலி நிஜம். எனக்கு வந்தது ஏமாற்றம். பொய் சொல்ல இங்கே யாருமில்லை. ஏமாற்றம்தான்.

கட்டைவிரல்: என் ஒரு விரலை எதிர்த்து நிற்கவில்லை. குதிகால் நடை: வலது சரி, இடது பாதம் தொப்பென்று விழுகிறது.

ஒண்ணுக்கு விஷயத்தையும் கேட்டேன். அவள்: "எல்லாம் ஒழுங்காத்தான் போவுது. அதையும் நோட்டுல எழுதிக்கோ." நோட்டு இருப்பது தெரியும் போல. இனி இது என் கைப்பையில்.

போனில் இதையெல்லாம் கேட்டு நஸ்ரீன் சிரிக்கவில்லை. வலி மட்டும் என்றால் பொறுக்கலாமாம். பலம் குறைந்தால் காத்திருக்கக் கூடாதாம், பாதம் நிரந்தரமாக இப்படியே தொங்கிப்போகலாமாம். செந்திலிடம் சொன்னேன். அம்மாவிடம் கெஞ்சினான். "எண்ணெ தேச்சா போயிடும்" என்றாள். இவனும் எண்ணெய் வாங்கி வந்தான்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆடி வெள்ளி. வீராம்பட்டினத்து அம்மன் கோயிலுக்கு அத்தை போகவில்லை. நான் இந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் விட்ட முதல் ஆடி வெள்ளி.

காரணம் தேடும் வேலை. நஸ்ரீன் கேட்கச் சொன்னவை, ஒவ்வொன்றாய் அடித்தபடி: மெத்தை பள்ளமா? பலகைக் கட்டில், இல்லை. விழுந்தாளா? இல்லை. ஸ்கூட்டரில் நீண்ட தூரம்? இல்லை. குனிந்து துவைப்பது? மெஷின் வந்து இரண்டு வருஷம். கனம் தூக்கியது?

"எதையாச்சும் தூக்குனீங்களா அத்தை?"

"இந்த வீட்ல நான் எதத் தூக்கறேன். எல்லாத்தையும் நீதான தலைல தூக்கிட்டு ஆடற."

ஆனால் அதற்கு முன் ஒரு கணம் வாய் திறந்து மூடியது. கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சான்றிதழ்களை நகலெடுக்க வேண்டும். கட்டிலுக்கடியில் பெட்டி இல்லை.

என் இரும்புப் பெட்டி. மேலே தடித்த மொழிபெயர்ப்பு நாவல்கள், அடியில் ஃபைல். முன்னால் பைகள் வரிசையாக இருந்ததால் பின்னால் காலியென்று தெரியவில்லை. செந்தில்: "நீதான் எங்கயாவது வச்சிருப்ப." சொல்லிவிட்டு முடி வெட்டப் போனான்.

பரணில் இருந்தது. பித்தளை அண்டாவுக்குப் பின்னால், அவளுடைய பழைய புடவை போர்த்தி. இறக்க என்னால் முடியவில்லை. தண்ணீர் கேனைவிடக் கனம். அங்கேயே திறந்து ஃபைலை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ஸ்டூல் மேல் நின்றபடியே கணக்கு முடிந்தது. ஜூலை 28, நான் வெளியே போயிருந்த நாள். ஐம்பத்தெட்டு வயசில், தனியாக, தலைக்கு மேல். கேள்விக்குறியை எடுத்துவிட்டேன்.

"பெட்டி கெடச்சிது அத்தை."

அவள் என் கையிலிருந்த ஃபைலைப் பார்த்தாள். "செந்திலுக்குத் தெரியுமா?"

"இன்னும் தெரியாது."

"கிழிச்சா போட்டேன்? பத்திரமாத்தான் வச்சேன். தேதி முடிஞ்சதும் நானே எடுத்துக் குடுத்திருப்பேன்."

சத்தம்கூட உயரவில்லை. மோர் வேணுமா என்று கேட்கிற குரல். எழுந்து நடந்தாள், இடது பாதம் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. அதைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்திருந்தால் நல்லவளாயிருப்பேன். யோசனைதான் வந்தது.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தா அவருக்குத் தெரியாது. வரலன்னா இன்னிக்கே தெரியும்."

"மெரட்டறியா?"

"ஆமா."

சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு: "வாயத் தொறக்க மாட்டேன்னு சொல்லு."

சொன்னேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

ஆஸ்பத்திரி. நாலு மணி நேரம். ஸ்கேன்: இடுப்பில் எலும்புகளுக்கு நடுவிலுள்ள தட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது. இப்போதைக்கு மாத்திரை, பயிற்சி. பதினைந்து நாளில் பாதம் தேறாவிட்டால் ஆபரேஷன் பற்றிப் பேசலாம் என்றார் டாக்டர். இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் சிக்கல் என்றும்.

"வெயிட் எதாவது தூக்குனீங்களாம்மா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. "தண்ணி கேன் சார்."

கேன் தூக்குவது என் வேலை. வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கூட வந்த செந்திலும் அதைக் கேட்டான். வீடு திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "அம்மாவ ஏன் கேன் தூக்க வச்ச?"

அவளைக் கட்டிலுக்குக் கூட்டிப் போனேன். வாக்கு.

ஆகஸ்ட் 14, வியாழன்

லேசான தூறல். உளுந்து ஊறப் போட மறந்தேன்.

கேன் கதை விழுப்புரம் போய்விட்டது. நாத்தனார் போனில்: "எங்கம்மாவ ஒடச்சிப் போட்டுட்டு காரைக்கால் கெளம்பறீங்களாமே அண்ணி. நல்லா இருங்க." பக்கத்து அறையில் அத்தை பயிற்சி செய்துகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும். எண்ணிக்கையை நிறுத்தவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது.

அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனதற்காக வருந்தவில்லை. வாக்குக் கொடுத்ததற்கு வருந்துகிறேன்.

கட்டைவிரல் இன்று கொஞ்சம் எதிர்த்தது. நான்தான் அழுத்திப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 18, திங்கள். காரைக்கால்

காலையில் கையெழுத்துப் போட்டேன். அசல்களைச் சரிபார்த்துத் திருப்பித் தந்தார்கள். அறையில் மின்விசிறி சத்தம்.

நேற்று பஸ் ஸ்டாண்டில், பஸ் கிளம்பும் முன், செந்திலிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ராத்திரி போன் செய்தான்: வீட்டுக்குப் போய் அவளைக் கேட்டானாம். ஆமாம் என்றாளாம்.